வாய்ஸ்மெயிலுக்கும் கான்ஃபரன்ஸ் பதிவுக்கும் எந்த ஆடியோ ஃபார்மட்?

தொலைபேசிப் பேச்சைச் சேமிக்க ஃபார்மட் தேடுகிறவர்கள் பெரும்பாலும் ஃபைல் அளவிலிருந்துதான் தொடங்குகிறார்கள். அங்கே தொடங்கினால் முடிவு தப்பாகத்தான் போகும். குரல் உங்கள் சர்வருக்கு எந்தத் தரத்தில் வந்து சேர்கிறது? அந்தப் பதிவை யார், எதில், எத்தனை வருடம் கழித்துத் திறப்பார்கள்? இந்த இரண்டுக்கும் பதில் தெரிந்துவிட்டால் ஃபார்மட் ஏறக்குறைய முடிவான மாதிரிதான். அளவு அதற்குப் பிறகு வரட்டும். வந்த தரத்துக்கு மேல் எதையும் சேமிக்க முடியாது, வந்ததைக் குறைத்து எழுதிவிட்டால் மீட்கவும் முடியாது.

இங்கே சொல்லும் அமைப்பு விவரங்கள் ஆஸ்டரிஸ்க் என்ற தொலைபேசி சர்வர் மென்பொருள், அதை உலாவிவழி நிர்வகிக்க அதன் மேல் ஓடும் ஃப்ரீபிபிஎக்ஸ் ஆகியவற்றுக்கானவை. வேறு பிபிஎக்ஸ் (அலுவலகத் தொலைபேசி இணைப்பகம்) வைத்திருப்பவர்களுக்கு அமைப்பு வரிகளின் பெயர் மாறும், கணக்கு மாறாது.

சர்வருக்கு வருவது என்ன

வெளியிலிருந்து வரும் அழைப்பு, பிஆர்ஐ என்ற டிஜிட்டல் தொலைபேசி லைனானாலும் ஐபி வலையமைப்புவழி வரும் எஸ்ஐபி டிரங்கானாலும், பெரும்பாலும் ஜி.711 கோடெக்கில்தான் (குரலை எண்களாக்கும் முறை) வரும். நொடிக்கு 8,000 சாம்பிள் (ஒலி அளவீடு), ஒரு சாம்பிளுக்கு 8 பிட், ஆக நொடிக்கு 64 கிலோபிட். இந்த நொடிக் கணக்குதான் பிட்ரேட், கீழே வரும் கிலோபிட் எண்களெல்லாம் அதுதான். 1972-இல் வகுத்த தரம் இது. இந்தியாவிலும் ஐரோப்பாவிலும் இதன் ஏ-லா வடிவம் புழங்குகிறது, அமெரிக்காவிலும் ஜப்பானிலும் மியூ-லா. சுமார் 300 ஹெர்ட்ஸ் முதல் 3,400 ஹெர்ட்ஸ் வரையிலான ஒலிதான் இதற்குள் அடங்கும்.

செல்ஃபோனிலிருந்து கூப்பிடுகிறவரின் குரல் இதற்கு முன்பே ஒரு முறை சுருங்கிவிட்டது. அங்கே ஏஎம்ஆர் வகைக் கோடெக்கில் 12 கிலோபிட் அளவுக்குக் குறைந்து, அப்புறம் ஏ-லாவாக விரிந்து உங்களிடம் வருகிறது. அதை ஜிஎஸ்எம் ஃபார்மட்டில் எழுதினால் இரண்டாவது சுருக்கம். மின்னஞ்சலில் அனுப்ப எம்பி3 ஆக்கினால் மூன்றாவது. இழப்புள்ள ஒவ்வொரு கோடெக்கும் கொஞ்சம் குரலை எறிந்துவிட்டு, அந்த இடத்தில் கொஞ்சம் இரைச்சலை விட்டுச் செல்கிறது. அடுத்த கோடெக்குக்கு அந்த இரைச்சலும் குரலும் ஒன்றுதான், இருக்கும் சொற்ப பிட்களை அதற்கும் செலவழிக்கிறது. அதனால்தான் தனித்தனியாகக் கேட்டால் தாங்கக்கூடிய இரண்டு கோடெக்குகள் அடுக்கி வைத்தால் தண்ணீருக்குள்ளிருந்து பேசுவது போல ஆகிவிடுகின்றன. சுருக்குவதானால் ஒரே ஒரு முறை, கடைசியில். அதற்கு முன் உள்ள கட்டங்களில் எதையும் இழக்காமல் வைத்திருங்கள்.

ஒரு மணி நேர ஒற்றைத் தடப் (மோனோ) பதிவுக்கு ஆகும் இடம் இது. வேவ் என்பது சுருக்காத ஒலிக் கோப்பு, ஓபஸ், ஜிஎஸ்எம், ஜி.729 எல்லாம் இழப்புள்ள கோடெக்குகள். கிலோஹெர்ட்ஸ் என்றது நொடிக்கு எத்தனை ஆயிரம் சாம்பிள் என்பதை. ஒரு மெகாபைட்டைப் பத்து லட்சம் பைட்டாகக் கொண்ட கணக்கு:

16 பிட் வேவ், 16 கிலோஹெர்ட்ஸ்: 115.2 மெகாபைட்
16 பிட் வேவ், 8 கிலோஹெர்ட்ஸ்: 57.6
ஏ-லா அல்லது மியூ-லா: 28.8
எம்பி3, 32 கிலோபிட்: 14.4
ஓபஸ், 24 கிலோபிட்: 10.8
ஓபஸ், 16 கிலோபிட்: 7.2
ஜிஎஸ்எம், வேவ்49: 5.9
ஜி.729: 3.6

இந்தப் பட்டியலில் பலர் கவனிக்காத ஒன்று இருக்கிறது. 8 கிலோஹெர்ட்ஸ் வேவ் ஏ-லாவைப்போல இரண்டு மடங்கு இடம் எடுக்கிறது, ஆனால் ஏ-லாவில் வந்த அழைப்புக்கு அதில் ஒரு துளி கூடுதல் தகவலும் கிடையாது. 8 பிட் குறியீடு 16 பிட்டாக விரித்து எழுதப்பட்டிருக்கிறது, அவ்வளவே. ஒருவர் மட்டும் பேசும் வாய்ஸ்மெயிலைத் திரும்ப ஏ-லாவாக்கினால் வந்த அதே குறியீடுகள் அப்படியே கிடைக்கும், இழப்பே இல்லை. இரு பக்கக் குரலையும் கூட்டிக் கலந்த பதிவுக்கு இது பொருந்தாது. கூட்டிய மதிப்புகள் ஏ-லாவின் படிகளில் சரியாக உட்காராது, சின்ன இரைச்சல் சேரும்.

வாய்ஸ்மெயில்

100 மெயில்பாக்ஸ், ஒவ்வொன்றிலும் 30 செய்தி, செய்திக்கு 45 நொடி என்று வையுங்கள். மொத்தம் 37.5 மணி நேரம். 8 கிலோஹெர்ட்ஸ் வேவில் 2.16 ஜிகாபைட், வேவ்49-இல் 0.22 ஜிகாபைட். மிச்சமாவது இரண்டு ஜிகாபைட்டுக்கும் குறைவு. இன்றைய டிஸ்க் விலையில் இதற்காகக் குரலைக் கெடுப்பது நியாயமில்லை. டிஸ்க் 20 ஜிகாபைட்டாக இருந்த காலத்து அறிவுரை இன்னும் அமைப்புக் கோப்புகளில் ஒட்டிக்கொண்டிருக்கிறது.

ஆஸ்டரிஸ்கின் வாய்ஸ்மெயில் அமைப்புக் கோப்போடு வரும் மாதிரியில் ஃபார்மட் வரி வேவ்49, ஜிஎஸ்எம், வேவ் என்று மூன்றையும் இடையில் செங்குத்துக் கோடு (|) போட்டு அடுக்கியிருக்கும். அதை அப்படியே விட்டால் ஒவ்வொரு செய்தியும் மூன்று கோப்பாக எழுதப்படும். இடம் மிச்சப்படுத்தத்தான் ஜிஎஸ்எம் இருக்கிறது என்று நினைத்துக்கொண்டிருப்பீர்கள், வேவும் கூடவே விழுந்துகொண்டிருக்கும். வரிசையில் முதலில் இருக்கும் ஃபார்மட்தான் மின்னஞ்சலில் இணைப்பாகப் போகும். ஃபோனில் கேட்கும்போது அந்த அழைப்பின் கோடெக்குக்கு மாற்ற எளிதான கோப்பை ஆஸ்டரிஸ்கே எடுத்துக்கொள்ளும்.

வேவ்49 என்பது புது ஃபார்மட் அல்ல. செல்ஃபோனுக்காக வந்த பழைய ஜிஎஸ்எம் முழுவீதக் கோடெக்கை மைக்ரோசாஃப்ட் முறைப்படி இரண்டு ஃப்ரேமாகச் (20 மில்லிநொடித் துண்டு) சேர்த்து 65 பைட்டாக்கி வேவ் உறைக்குள் போட்டிருக்கிறார்கள். 40 மில்லிநொடிக்கு 65 பைட், அதாவது 13 கிலோபிட். விண்டோஸ் கணினியில் இரட்டைச் சொடுக்கில் பாடும் என்பதே அதன் பெருமை. அலுவலகத்தில் எல்லோரும் மேசைக் கணினியில் மின்னஞ்சல் பார்த்தபோது அது பெரிய வசதிதான். இன்று வாய்ஸ்மெயிலைத் திறப்பது செல்ஃபோன் அல்லது உலாவி, அங்கே ஜிஎஸ்எம் அடங்கிய வேவ் பாடும் என்று நம்பி இருக்க முடியாது. “இணைப்பு வருகிறது, சத்தம் வரவில்லை” என்று புகார் வந்தால் முதலில் பார்க்க வேண்டிய இடம் இதுதான்.

இன்னொரு பொறி. ஆஸ்டரிஸ்க் சாதாரண வேவுக்குச் சிறிய எழுத்திலும் வேவ்49-க்குப் பெரிய எழுத்திலும் ஒரே கோப்பு நீட்சியை வைக்கிறது. லினக்ஸில் அவை இரண்டு வெவ்வேறு கோப்புகள். எழுத்து பேதம் பார்க்காத விண்டோஸ் பகிர்வுக்கோ யுஎஸ்பி டிரைவுக்கோ பேக்கப் எடுக்கும்போது ஒன்றின் மேல் மற்றது எழுதப்பட்டுவிடும். எது மிஞ்சியது என்பது நகலெடுத்த வரிசையைப் பொறுத்தது. பேக்கப் முடிந்ததாகப் பச்சை விளக்கு காட்டும், நல்ல தரக் கோப்பு போயிருக்கும்.

ஃபார்மட் வரியை மாற்ற முடிவு செய்தால், மெயில்பாக்ஸ்களில் ஏற்கெனவே இருக்கும் செய்திகளையும் புது வரிசைக்கு ஏற்ப மாற்றியே தீர வேண்டும். மாதிரிக் கோப்பிலேயே இதற்கு அழுத்தமான எச்சரிக்கை இருக்கிறது. ஆஸ்டரிஸ்க் செய்திகளை வரிசை எண் போட்டு வைக்கிறது. ஒன்றை அழித்தால் பின்னால் உள்ளவை முன்னால் நகர்ந்து எண் மாறும். அமைப்பில் இல்லாத ஃபார்மட்டில் கிடக்கும் பழைய கோப்பை அது தொடாது, அப்போது ஒரு எண்ணின் விவரக் கோப்பு ஒருவருடையதாகவும் குரல் இன்னொருவருடையதாகவும் ஆகிவிடலாம். அலுவலகம் மூடிய பிறகு சேவையை நிறுத்தி, எல்லாச் செய்தியையும் மாற்றி, பழைய நீட்சிகளை அகற்றிவிட்டு, கோப்புகளின் உரிமையாளர் ஆஸ்டரிஸ்க் பயனராக இருக்கிறதா என்று பார்த்துவிட்டு மீண்டும் தொடங்குவதுதான் பாதுகாப்பான வழி.

அப்படியானால் எதைத் தேர்வது? சேமிப்புக்கு வேவ் ஒன்று போதும். இடம் உண்மையிலேயே நெருக்கடி என்றால் ஏ-லா. ஆனால் ஆஸ்டரிஸ்க் எழுதும் ஏ-லா கோப்புக்கு ஹெட்டர் (உள்ளே இருப்பது என்ன என்று சொல்லும் தலைப்பகுதி) கிடையாது, வெறும் பைட்கள்தான். அதை வேறு கருவியில் திறப்பவர் ஏ-லா, 8,000 சாம்பிள், ஒற்றைத் தடம் என்று கையால் சொல்ல வேண்டும். தவறுதலாக மியூ-லா என்று சொன்னால் பேச்சு கேட்கும், கரகரவென்று உடைந்து கேட்கும். கோப்பு பழுதாகிவிட்டது என்று தூக்கி எறிந்துவிடுகிறார்கள், கோப்பு நன்றாகத்தான் இருக்கும்.

மின்னஞ்சல் தனிக் கணக்கு. மூன்று நிமிடச் செய்தி வேவில் 2.88 மெகாபைட். மின்னஞ்சலுக்காக பேஸ்64 என்ற எழுத்து வடிவம் ஆக்கும்போது மூன்றில் ஒரு பங்குக்குச் சற்று மேல் பெருகி 3.9 மெகாபைட் ஆகும். ஜிமெயிலின் 25 மெகாபைட் எல்லைக்குள் இது தாராளமாக அடங்கும். ஆனாலும் செல்ஃபோன் டேட்டாவில் எடுப்பவருக்குச் சிரமம், மெயில் சர்வரில் இடமும் தின்னும். அனுப்பும் கட்டளையின் இடத்தில் ஒரு சிறு ஸ்கிரிப்டை வைத்து, இணைப்பைப் பிரித்து எம்பி3 ஆக்கிச் சேர்த்து அனுப்புவது பரவலான வழக்கம். மூலம் சர்வரில் வேவாகவே இருக்கும், எனவே இங்கே நடப்பது ஒரே ஒரு சுருக்கம். 24 கிலோபிட்டில் அதே செய்தி 0.54 மெகாபைட், பேஸ்64-க்குப் பிறகு 0.75-க்குள்.

அந்த எம்பி3-ஐ 8 கிலோஹெர்ட்ஸில் செய்யாதீர்கள். எம்பி3-இன் 8, 11.025, 12 கிலோஹெர்ட்ஸ் வீதங்கள் எம்பெக் 2.5 என்ற நீட்சியைச் சேர்ந்தவை, ஐஎஸ்ஓ தரத்தில் இல்லாதவை. பெரும்பாலான ஃபோன்கள் பாடும், பழைய கருவிகள் சில திணறும். 16 கிலோஹெர்ட்ஸுக்கு ஏற்றிவிட்டால் தரப்படியான எம்பெக் 2 ஆகிவிடும். ஏற்றியதால் குரல் தெளிவாகாது, எல்லா இடத்திலும் பாடும், அதற்காகத்தான்.

வெற்றுச் செய்திகள் குவிவதும் ஃபார்மட் பிரச்சினையாகத் தவறாகப் புரிந்துகொள்ளப்படுகிறது. மௌனம் இத்தனை நொடி நீடித்தால் பதிவை நிறுத்து என்ற வரியும், குறைந்தது இத்தனை நொடி இருந்தால்தான் செய்தியை வை என்ற வரியும் அமைப்பில் இருக்கின்றன. முதலாவது எண் இரண்டாவதைவிடச் சிறியதாக இருக்க வேண்டும். தலைகீழாக இருந்தால் பேசாமல் வைத்துவிட்டவர்களின் மௌனமெல்லாம் செய்தியாகச் சேரும்.

கான்ஃபரன்ஸ்

இங்கே நிலைமையே வேறு. உள் அலுவலக ஐபி ஃபோன்கள் ஜி.722-இலோ ஓபஸிலோ பேசுகின்றன. ஜி.722-க்கு 16 கிலோஹெர்ட்ஸ் சாம்பிள், 7,000 ஹெர்ட்ஸ் வரை ஒலி. கூட்டத்தில் இருப்பவர்களுக்குக் குரல் துல்லியமாகக் கேட்கும். பதிவைக் கேட்டால் மட்டும் பழைய லேண்ட்லைன் மாதிரி இருக்கும். காரணம் எளிது: ஆஸ்டரிஸ்கில் கான்ஃபரன்ஸ் அறையை நடத்தும் கான்ஃப்பிரிட்ஜ் தன் இயல்பில் பதிவை 8 கிலோஹெர்ட்ஸ் வேவாக எழுதுகிறது. அறைக்குள் 16 கிலோஹெர்ட்ஸில் கலந்தாலும் கோப்புக்குப் போகும்போது பாதி குறைந்துவிடுகிறது.

பதிவுக் கோப்பின் பெயரை நீங்களே கொடுத்து, அதன் நீட்சியை வேவ்16 என்று வையுங்கள். ஆஸ்டரிஸ்க் ஃபார்மட்டை நீட்சியிலிருந்துதான் தெரிந்துகொள்கிறது. இந்த ஒரு மாற்றத்தில் 16 கிலோஹெர்ட்ஸ் பதிவு வந்துவிடும். அந்த நீட்சியைப் பெரும்பாலான பிளேயர்களுக்குத் தெரியாது, பதிவு முடிந்ததும் சாதாரண வேவ் என்று பெயர் மாற்றினால் போதும், உள்ளே இருப்பது ஒழுங்கான வேவ்தான். இந்தப் பதிவு முதல் ஆள் நுழைவதிலிருந்து கடைசி ஆள் போவது வரை ஓடும். ஒருவர் லைனை வைக்க மறந்துபோனால் ராத்திரி முழுக்க மௌனம் பதிவாகும் என்பதையும் கணக்கில் வையுங்கள்.

16 கிலோஹெர்ட்ஸ் ஏன் முக்கியம்? ‘எஸ்’, ‘எஃப்’ என்ற இரண்டு ஆங்கில எழுத்துகளைத் தொலைபேசியில் சொல்லிப் பாருங்கள். இரண்டையும் பிரித்துக் காட்டும் சீறலின் பெரும்பகுதி 3,400 ஹெர்ட்ஸுக்கு மேலே இருக்கிறது. அது வெட்டுப்பட்டால் எதிரில் இருப்பவர் ஊகிக்கத்தான் வேண்டும். பேசும்போது “எஃப் ஃபார் ஃபாதர்” என்று சொல்லிச் சமாளிக்கலாம், பதிவிடம் திருப்பிக் கேட்க முடியாது. தமிழில் ல, ள, ழ வேறுபாட்டில் மூன்றாம் ஃபார்மன்டுக்கு (வாய்க்குள் எழும் மூன்றாவது ஒத்ததிர்வு) பெரிய பங்கு உண்டு, அது தொலைபேசிப் பட்டைக்குள்ளேயே அடங்கும். ஆகவே அங்கே குறை 8 கிலோஹெர்ட்ஸால் வருவதைவிட, குறைந்த பிட்ரேட்டில் அடுக்கடுக்காகச் சுருக்குவதால்தான் வருகிறது.

பேச்சை எழுத்தாக்கும் மென்பொருள் பயன்படுத்துவதானால் இது இன்னும் கூர்மையாகும். விஸ்பர் உள்ளே வரும் எதையும் 16 கிலோஹெர்ட்ஸ் ஒற்றைத் தடமாக்கிக்கொண்டுதான் வேலை பார்க்கிறது. 16-இல் கொடுத்தால் முழுப் பயன். 48 கிலோஹெர்ட்ஸ் ஸ்டீரியோவில் பதிவு செய்து வைத்திருந்தாலும் எழுத்தாக்கத்துக்குக் கூடுதலாக ஒன்றும் கிடைக்காது, மணிக்கு 691 மெகாபைட் மட்டும் போகும். 8 கிலோஹெர்ட்ஸ் பதிவை முன்கூட்டியே 16-க்கு ஏற்றிக் கொடுப்பதிலும் லாபமில்லை. நீண்ட மௌனம் இருந்தால் விஸ்பர் அங்கே யாரும் சொல்லாத வாக்கியங்களை எழுதிவிடும் பழக்கம் உள்ளது. மேலே சொன்ன ராத்திரி மௌனத்தை வெட்டிவிட்டுக் கொடுங்கள்.

அளவு இங்கே நிஜமான கேள்வி. மூன்று அறை, நாளுக்கு நான்கு மணி நேரம், வருடத்துக்கு 250 நாள் என்றால் 3,000 மணி நேரம். 16 கிலோஹெர்ட்ஸ் வேவில் 346 ஜிகாபைட். எம்பி3 32 கிலோபிட்டில் 43. ஓபஸ் 24 கிலோபிட்டில் 32. எம்பி3-க்கும் ஓபஸுக்கும் இடையிலான இட வித்தியாசம் சொற்பம். தரத்தில்தான் இடைவெளி. எம்பி3 இசைக்காகப் பிறந்தது, 32 கிலோபிட்டில் பேச்சின் ஓரங்களில் சலசலப்பு தொற்றிக்கொள்ளும், பலர் ஒரே நேரத்தில் பேசினால் அது கூடும். ஓபஸ் 2012-இல் ஆர்எஃப்சி 6716 என்ற இணையத் தர ஆவணமாக வந்தது. பேச்சுக்கான சில்க், இசைக்கான செல்ட் என்ற இரண்டு முறைகளை உள்ளே வைத்து இடத்துக்கு ஏற்ப மாற்றிக்கொள்கிறது. 24 கிலோபிட்டில் 16 கிலோஹெர்ட்ஸ் பேச்சு அதற்கு வசதியான இடம்.

ஓபஸின் குறை கோடெக்கில் இல்லை, உறையில் இருக்கிறது. ஆக் (Ogg) என்ற உறையில் வைத்த ஓபஸை ஆப்பிளின் சஃபாரி நீண்ட காலம் பாடாமலே இருந்தது, பழைய ஐஃபோன் வைத்திருப்பவர்களிடம் இன்னும் அதே நிலைமைதான். பதிவுகளை உலாவிவழி பலருக்கும் பகிர்கிறீர்கள், யார் எந்தக் கருவியில் திறப்பார்கள் என்று கட்டுப்படுத்த முடியாது என்றால் எம்பி3 32 கிலோபிட்டை எடுத்துக்கொள்வதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. அதன் உரிம வசூலும் 2017-இலேயே முடிந்துவிட்டது. பதிவுகள் உள்ளேயே இருக்கும், எழுத்தாக்கத்துக்கும் தேடலுக்கும்தான் என்றால் ஓபஸ்.

ஓபஸ் கோப்பைச் சோதித்தால் எப்போதும் 48 கிலோஹெர்ட்ஸ் என்றே காட்டும். அதைப் பார்த்து அமைப்பு தவறிவிட்டதோ என்று குழம்ப வேண்டாம். ஓபஸின் கடிகாரம் அப்படி. மூலத்தின் வீதம் ஹெட்டரில் தகவலுக்காக மட்டும் எழுதப்பட்டிருக்கும்.

ஜூம் போன்ற சேவைகளிலிருந்து இறக்கும் ஆடியோ ஏற்கெனவே ஏஏசி-யில் சுருங்கி எம்4ஏ கோப்பாக வருகிறது. அதை ஓபஸ் ஆக்கி ஒழுங்குபடுத்தும் ஆசையை விட்டுவிடுங்கள். அப்படியே வைப்பதுதான் நல்லது.

இரு பக்கமும் தனித்தனியாக வேண்டுமானால்

வாடிக்கையாளர் அழைப்புப் பதிவில் இரு குரலையும் கலந்துவிட்டால், இருவரும் ஒரே நேரத்தில் பேசிய இடத்தை எந்த மென்பொருளாலும் நம்பகமாகப் பிரிக்க முடியாது. அழைப்பைப் பதியும் ஆஸ்டரிஸ்கின் மிக்ஸ்மானிட்டரில் வரும் குரல், போகும் குரல் இரண்டையும் தனிக் கோப்பாக எழுதச் சொல்லும் தெரிவுகள் உண்டு. இடம் இரட்டிக்கும் என்று பலர் தயங்குகிறார்கள். மாறும் பிட்ரேட்டில் ஓபஸ் ஆக்கினால் ஒருவர் பேசும்போது மற்றவரின் தடம் கிட்டத்தட்ட மௌனம், அதற்கு ஆகும் பிட் மிகக் குறைவு. எனவே உண்மையான செலவு இரட்டிப்பைவிட நன்றாகவே குறையும்.

இங்கேதான் மிக மோசமான தவறு நடக்கிறது. இரு தடத்தையும் இடது, வலது என்று ஒரே ஸ்டீரியோ கோப்பாக்கி ஓபஸில் 16 கிலோபிட்டுக்குச் சுருக்கினால், பிட் போதாது என்று கண்ட என்கோடர் தானாகவே இரண்டையும் ஒன்றாகக் கலந்துவிடும். எந்தப் பிழைச் செய்தியும் வராது. கோப்பு ஸ்டீரியோ என்றே காட்டும், இரண்டு காதிலும் ஒரே கலவை கேட்கும். இரு தடத்தையும் சேர்த்துச் சுருக்கும் எம்பி3-இன் ஜாயின்ட் ஸ்டீரியோவிலும் குறைந்த பிட்ரேட்டில் ஒரு பக்கக் குரல் மறுபக்கத்துக்குக் கசியும். தனித்தனி ஒற்றைத் தடக் கோப்புகளாக வைப்பதே கவலையில்லாத வழி. ஒரே கோப்புதான் வேண்டும் என்று அடம்பிடிக்கும் மென்பொருள் இருந்தால், ஓபஸில் தடங்களை இணைக்காத 255 என்ற மேப்பிங் குடும்பத்தைப் (தடங்களை அடுக்கும் முறை) பயன்படுத்துங்கள், அல்லது இழப்பில்லாமல் சுருக்கும் ஃப்ளாக் ஃபார்மட்டுக்குப் போங்கள்.

சட்டத்துக்காக வைப்பவை

பங்குச் சந்தைக் கட்டுப்பாட்டு அமைப்பான செபி 2018 மார்ச்சில் விட்ட சுற்றறிக்கைப்படி, தொலைபேசியில் ஆர்டர் வாங்கும் பங்குத் தரகர்கள் அந்தப் பேச்சைப் பதிவு செய்து ஆவணமாக வைத்தே ஆக வேண்டும். இப்படிப் பின்னாளில் தாவாவுக்குப் போகக்கூடிய பதிவுகளில் சுருக்கத்தைப் பற்றிய யோசனையே மாறுகிறது.

2024 ஜூலை 1 முதல் நடப்பில் உள்ள பாரதிய சாக்ஷ்ய அதினியம் என்ற சாட்சியச் சட்டத்தின் 63-ஆம் பிரிவின்படி மின்னணு ஆவணத்தோடு சான்றிதழ் தர வேண்டும், அந்தச் சான்றிதழ்ப் படிவத்தில் கோப்பின் ஹாஷ் மதிப்பைக் (உள்ளடக்கத்திலிருந்து கணக்கிடும், கைரேகை போன்ற எண்) குறிக்க இடம் இருக்கிறது. கோப்பில் ஒரு பைட் மாறினாலும் ஹாஷ் மாறிவிடும். பதிவான அன்று எடுத்த ஹாஷ் வேவுக்கு, மூன்று வருடம் கழித்துக் கையில் இருப்பது எம்பி3 என்றால் அந்த ஹாஷால் பயனில்லை. அதனால் வரிசை முக்கியம்: எந்த வடிவத்தில் நெடுங்காலம் வைக்கப் போகிறீர்களோ அதற்கு முதலில் மாற்றி, மாற்றியதைச் சரிபார்த்து, அதன் ஹாஷை எடுத்துத் தனி இடத்தில் எழுதி வையுங்கள். அதன்பின் அந்தக் கோப்பை யாரும் தொடக் கூடாது.

இந்த வகைக்கு ஃப்ளாக் பொருத்தம். இழப்பே இல்லாமல் பேச்சுப் பதிவை ஏறக்குறைய பாதியாக்கும், இரைச்சலான இடமானால் கொஞ்சம் குறைவாகச் சுருங்கும். சுருக்காத ஒலியின் எம்டி5 ஹாஷ் மதிப்பை அது தன் ஹெட்டரிலேயே எழுதி வைப்பதால், கோப்பு கெட்டிருக்கிறதா என்று எப்போது வேண்டுமானாலும் சோதிக்கலாம். ஒன்றை மட்டும் தெரிந்துகொள்ளுங்கள். ஃப்ளாக்கிலிருந்து திரும்ப வேவ் ஆக்கினால் ஒலி பிட் மாறாமல் வரும், ஆனால் வேவ் ஹெட்டரில் இருந்த கூடுதல் துணுக்குகள் இயல்பில் திரும்பாது. ஒலி அதே, கோப்பின் ஹாஷ் வேறு. அந்தத் துணுக்குகளையும் காக்கும் தெரிவு ஃப்ளாக் கருவியில் தனியாக இருக்கிறது.

தேவையில்லாதவை

ஜி.729 மணிக்கு 3.6 மெகாபைட் என்று ஆசை காட்டும். 8 கிலோபிட்டில் ஒருவர் சுத்தமாகப் பேசினால் தாங்கும், பின்னணியில் மின்விசிறியும் தெருச் சத்தமும் சேர்ந்தால் சொற்கள் கரைந்துவிடும். குறுகிய லைனில் அழைப்பைக் கடத்த அது உதவியது, சேமிக்க அதைத் தேர்வதற்கு இன்று காரணம் இல்லை. ஸ்பீக்ஸ் என்ற பழைய பேச்சுக் கோடெக்கை உருவாக்கியவர்களே ஓபஸுக்கு மாறச் சொல்லிவிட்டார்கள். ஜிஎஸ்எம் எடுக்கும் இடத்துக்குக் கொஞ்சம் மேலே ஓபஸ் 16 கிலோபிட் இருக்கிறது, 8 கிலோஹெர்ட்ஸ் பேச்சில் அது எவ்வளவோ மேல்.

மாற்றும்போது

அழைப்பு நடக்கும்போதே ஓபஸாகவோ எம்பி3 ஆகவோ எழுத முயல வேண்டாம். வேவாக விழட்டும், இரவில் மாற்றலாம். வேவுக்கு இன்னொரு நன்மை உண்டு. மின்சாரம் போய்ப் பதிவு பாதியில் நின்றால் ஹெட்டரில் நீளம் தவறாக இருக்கும், பிளேயர் பூஜ்ஜிய நொடி என்று காட்டும், உள்ளே குரல் முழுசாக இருக்கும். சாக்ஸ் என்ற ஒலி மாற்றுக் கருவியில் ஹெட்டரின் நீளத்தைப் பொருட்படுத்தாதே என்ற தெரிவைக் கொடுத்துப் படித்து மறுபடி எழுதினால் மீண்டுவிடும்.

மாற்றும் ஸ்கிரிப்ட் இந்த வரிசையில் போகட்டும். கடைசி ஒரு மணி நேரத்தில் மாறிய கோப்புகளைத் தொடாதே, அவை இன்னும் எழுதப்பட்டுக்கொண்டிருக்கலாம். தற்காலிகப் பெயரில் புதுக் கோப்பை எழுது. கருவி வெற்றி என்று திருப்பியதா பார். பிறகு இரண்டு கோப்புகளின் நீளத்தையும் ஒப்பிடு, அரை நொடிக்கு மேல் வித்தியாசம் இருந்தால் நிறுத்தி எழுதி வை. பழைய கோப்பின் தேதியைப் புதியதற்கு ஏற்று, இல்லாவிட்டால் தேதி பார்த்து அழிக்கும் வேலை எல்லாவற்றையும் இன்று பிறந்ததாக நினைக்கும். அதன் பிறகே பெயர் மாற்றம், மூலத்தை நீக்குவது கடைசி.

ஃப்ரீபிபிஎக்ஸ் வைத்திருந்தால் இன்னொரு படி உண்டு. அழைப்பு விவர டேட்டாபேஸில் பதிவுக் கோப்பின் பெயருக்கென ஒரு பத்தி இருக்கிறது. கோப்பின் நீட்சி மாறி அந்தப் பத்தி மாறாவிட்டால் அறிக்கையில் பதிவைக் கேட்கும் பொத்தான் வேலை செய்யாது. பதிவுகள் அழிந்துவிட்டன என்று அலுவலகமே பதறும், கோப்புகள் பக்கத்திலேயே வேறு நீட்சியோடு கிடக்கும். இரண்டையும் ஒரே ஸ்கிரிப்டில் மாற்றுங்கள்.

மாற்று வேலையை அழைப்பு ஓடும் அதே இயந்திரத்தில் பகலில் ஓட்டக் கூடாது. கான்ஃப்பிரிட்ஜ் ஒவ்வொரு 20 மில்லிநொடிக்கும் எல்லாக் குரலையும் கலந்து அனுப்ப வேண்டும். டிஸ்கும் சிபியுவும் வேறு பக்கம் ஓடினால் பேச்சு துண்டு துண்டாகும், அந்தத் துண்டுகள் பதிவிலும் நிலைத்துவிடும். குறைந்த முன்னுரிமையில் ஓட்டுங்கள், முடிந்தால் பதிவுகளை வேறு இயந்திரத்துக்கு நகர்த்தி அங்கே மாற்றுங்கள்.

பிட்ரேட்டை முடிவு செய்ய நல்ல ஹெட்ஃபோனில் ரசித்துக் கேட்பது உதவாது. உங்கள் சொந்தப் பதிவுகளிலிருந்து செல்ஃபோனில் தெருவிலிருந்து பேசியவை, ஸ்பீக்கர் ஃபோனில் பேசியவை, பெயரும் எண்ணும் சொல்லப்பட்டவை எனப் பத்துப் பன்னிரண்டு எடுங்கள். தேர்ந்த பிட்ரேட்டில் சுருக்கி, அந்த அழைப்பில் இல்லாத ஒருவரிடம் கொடுத்து, பெயர்களையும் எண்களையும் எழுதச் சொல்லுங்கள். மூலத்தை இன்னொருவர் கேட்டு எழுதட்டும். சுருக்கியதில் மட்டும் தவறு வந்தால் ஒரு படி ஏற்றுங்கள், 16 என்றால் 24, 24 என்றால் 32. மூலத்திலும் அதே தவறு வந்தால் பிட்ரேட்டைத் தொட்டுப் பயனில்லை, டிரங்கின் கோடெக்கையும் மேசை மேல் இருக்கும் மைக்கையும் பாருங்கள்.